சுவரும் சேர்ந்தாடும் களம்

பேடல் என்பது டென்னிஸின் சுருங்கிய வடிவந்தானே, பழைய டென்னிஸ் களத்திலேயே கோடுகளை மாற்றி வரைந்துகொண்டால் போதாதா என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். வலையும் மஞ்சள் பந்தும், பதினைந்து முப்பது நாற்பது என்று புள்ளிகளை எண்ணும் சம்பிரதாயமும் இரண்டுக்கும் பொதுவானவையாதலால் அவ்விதம் தோன்றுவது இயல்பே. ஆயினும் பேடல் களத்தின் உயிர் கோடுகளில் இருப்பதல்ல, அதன் சுவர்களில் இருப்பது.

இரட்டையர் டென்னிஸ் களம் 23.77 மீட்டர் நீளமும் 10.97 மீட்டர் அகலமும் உடையது. பேடல் களம் 20 மீட்டருக்கு 10 மீட்டர். வித்தியாசம் சொற்பமாகப் படும். ஆனால் டென்னிஸில் கோட்டைத் தாண்டி ஓடிச் சென்று பந்தை எடுப்பதற்கு நாற்புறமும் இடம் விட்டாக வேண்டுமாகையால், மொத்த விஸ்தீரணம் வழக்கமாக 669 சதுர மீட்டர் அளவை எட்டிவிடுகிறது; பேடலிலோ களம் முடியுமிடத்திலேயே சுவர் எழும்பிவிடுவதால் ஆடுமிடம் 200 சதுர மீட்டரோடு நின்றுவிடுகிறது. வலையும் நடுவில் 88 சென்டிமீட்டர்தான். டென்னிஸ் வலையைவிட இரண்டு விரற்கடை தாழ்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

1969-இல் மெக்சிகோ நாட்டு அகபுல்கோ நகரில் என்ரிக்கே கோர்க்குவேரா என்ற செல்வந்தர் தம் இல்லத்திலே மதில்கள் சூழ்ந்த குறுகிய களமொன்றை அமைத்து, அம்மதில்களையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டதிலிருந்து இதன் சரித்திரம் தொடங்குகிறது. அவருடைய நண்பரான அல்போன்சோ தெ ஹோஹென்லோஹே அதைக் கண்டு மகிழ்ந்து, 1974-இல் ஸ்பெயினின் மார்பெயா நகரத்தில் களங்கள் அமைத்தார். அங்கிருந்து இவ்வாட்டம் அர்ஜென்டினாவிலும், பிற்பாடு ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் பரவியது.

ஆதியில் சிமெண்டுச் சுவர்களாக இருந்தவை பிற்பாடு பெரும்பாலும் கண்ணாடியாயின. பின்புறத்தில் 3 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடியும், அதன்மேல் 1 மீட்டருக்குக் கம்பிவலையும் நிற்கும். அக்கண்ணாடி மூலையில் திரும்பிப் பக்கவாட்டில் சிறிது தூரம் படிபோல் தாழ்ந்து வந்து முடிய, எஞ்சிய நடுப்பகுதியைக் கம்பிவலை அடைத்துக்கொள்ளும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் கனமுள்ள இக்கண்ணாடியை 600 டிகிரிக்கும் மேலாகக் காய்ச்சி, குளிர்ந்த காற்றை விசையோடு பாய்ச்சிச் சட்டென்று ஆற்றுவார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்புறம் பின்னர் ஆறிச் சுருங்கும்போது அம்மேற்பரப்பை நெருக்கிப் பிடித்துக்கொள்வதால், ஆட்டக்காரர் ஓடிவந்து மோதினாலும் தாங்கும் வலிமை அதற்கு வாய்க்கிறது. தப்பித் தவறி உடைந்தாலும் கூரிய சில்லுகளாகச் சிதறாமல் மழுங்கிய சிறு துணுக்குகளாகவே உதிரும்.

இந்த ஆட்டத்தில் என் மனத்தை முற்றும் கவர்ந்தது மூலைப்பந்து. எதிராளி ஆழமாக அடித்த பந்து தரையில் ஒருமுறை எழும்பி, பின்கண்ணாடியில் மோதி, அங்கிருந்து பக்கக் கண்ணாடிக்குத் தாவி, களத்தின் நடுப்புறம் நோக்கித் திரும்புகிறது. டென்னிஸ் பழகியவர் பதறி அதன்மேல் பாய்வார். பேடல் பழகியவரோ பந்தைத் தம்மைக் கடந்து போகவிட்டு, அதனுடனேயே உடலையும் திருப்பி, சுவரை விட்டு விலகி நின்று, அது திரும்பி வருமிடத்தில் மட்டையுடன் காத்திருப்பார். கேரம் பலகையில் சட்டத்தில் மோதித் திரும்பிவரும் காயின் பாதையை முன்கூட்டியே கணித்த பிள்ளைப்பிராயப் பயிற்சி எனக்கு உண்டாகையால், இந்தக் காத்திருப்பின் அருமை கண்டவுடனேயே விளங்கிற்று. பந்தின் சுழற்சியும் கணக்கில் சேரும்: முன்னோக்கி உருளும் சுழற்சியோடு வரும் பந்து கண்ணாடியில் பட்டதும் மேலே ஏறி எதிராளிக்குச் சௌகரியமாகிவிடும், கீழறுத்து அடித்த பந்தோ தாழ்ந்தே வந்து அவரைக் குனிய வைக்கும். அதனால்தான் டென்னிஸில் பெரும் ஆயுதமாக விளங்கும் மேற்சுழல் அடிக்கு இங்கே அத்தனை மதிப்பில்லை. கம்பிவலையில் பட்ட பந்தின் போக்கை யாராலும் நிர்ணயிக்க முடியாது. ஆகவேதான் சர்வீஸ் பந்து தரையில் பட்டபின் கண்ணாடியைத் தொட்டால் செல்லும், கம்பிவலையைத் தொட்டால் தவறு என்று விதி வகுத்திருக்கிறார்கள். இன்னுமொன்று: ஓங்கி அடித்த பந்து எழும்பிச் சுவரையே தாண்டிப் போய்விட்டாலும், வெளியில் இடம் விட்டிருக்கும் களமானால், ஆட்டக்காரர் வலையருகே உள்ள திறப்பின் வழியாக வெளியே ஓடி அதை மறுபடி உள்ளே அனுப்பலாம்!

இத்தனை நுட்பமான களத்தை வருமானம் ஒன்றையே கருதி நட்டுவைத்துவிட்டுப் பராமரிப்பை மறந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. செயற்கைப் புல்லின் இழைகளுக்கிடையே தூவியிருக்கும் மணல்தான் பந்தின் எழும்பலையும் கால்களின் வழுக்கலையும் ஆள்கிறது. நாள்தோறும் மிதிபடும் அம்மணல் ஓரங்களில் குவிந்துவிடும். அதைத் துலக்கி மறுபடி சமமாகப் பரப்பாவிட்டால், ஓரிடத்தில் கால் சறுக்கும், மற்றோரிடத்தில் பாதம் பிடித்துக்கொண்டு முழங்கால் முறுக்கும்.

அதனினும் பெரிய அலட்சியம் ஓசையைப் பற்றியது. நரம்பு பின்னிய டென்னிஸ் மட்டை பந்தைச் சற்றே ஏந்தி விடுக்கிறது. துளைகளிட்ட கெட்டியான பேடல் மட்டையோ ஒவ்வோர் அடிக்கும் வெடிப்பதுபோல ஒலிக்கிறது. ஒரு டென்னிஸ் களத்தைப் பெயர்த்த இடத்தில் இரண்டு பேடல் களங்கள் எழும்போது, நால்வர் ஆடிய இடத்தில் எண்மர் ஆட, அவ்வோசை இரவு வரையில் ஓய்வதில்லை. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் அண்டை வீட்டார் முறையிட்டு நியாயஸ்தலம் வரை சென்றிருப்பது காரணமின்றி அல்ல. கோடுகளை மாற்றினால் போதுமா என்று கேட்ட வாசகருக்கும், சுவர்களையே எழுப்பிவிடத் துணியும் சங்கத்தாருக்கும் என் விண்ணப்பம் ஒன்றே: மதிலுக்கு அப்பால் குடியிருப்பவரிடம் முதலில் கலந்து பேசிவிட்டு, அதன்பின் அஸ்திவாரம் தோண்டுங்கள்.