முதல் இருபது நிமிஷம்!

"சார், இன்ஜின் இறக்கியாச்சு. சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணிடலாம். வர்றப்போ நாலு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்துடுங்க!"

1995-ல் ஒரு மத்தியானம் ஆபீஸ் போனில் இந்தச் செய்தி வந்தது. மேனேஜரிடம் 'வயிற்றுவலி' என்று பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். ஓடாமல் என்ன செய்ய? இன்ஜின் வேலைக்காக பி.எஃப். லோன் போட்டிருந்தேன். ஃபாரத்தில் காரணம்: 'வீட்டு மராமத்து'. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அப்பா வீட்டில் உட்கார்ந்த நேரத்தைவிட அந்த அம்பாஸடரில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம்!

1978 மாடல், மார்க் 3. அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி. போர் அடித்து, 20 சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டு, கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது இன்ஜின்.

செல்ஃப் அடித்தார்கள். அடித்தார்கள்... அடித்துக்கொண்டே இருந்தார்கள். கார்புரேட்டரிலிருந்து 'டொப்' என்று ஒரு தும்மல். டிஸ்ட்ரிபியூட்டர் ஒயரை மாற்றிச் சொருகியிருந்தார்களாம். சரிசெய்து, மறுபடி கால் மணி நேரம் செல்ஃப் அடித்து, ஒருவழியாக ஸ்டார்ட் ஆனது.

"அப்படியே நாலு மணி நேரம் ஸ்லோவுல ஓடட்டும் சார். நல்லா செட் ஆயிடும். அப்புறம் ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதைத் தாண்டாதீங்க!"

வேதவாக்கு! தாண்டவே இல்லை. பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று ஒட்டிக்கொண்டு, பல்லவன் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, மாட்டு வண்டிக்கு மரியாதை கொடுத்து ஓட்டினேன்.

ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரில் பின்னால் நீலப் புகை. முன்னூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. பங்க்கில் 'ஆயில் ஃபுல் பண்ணுங்க, பெட்ரோல் செக் பண்ணுங்க' என்று சொல்லவேண்டிய நிலைமை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

தாங்கித் தாங்கிக் கெடுத்த கதை

அடுத்து அகப்பட்டவர் அறுபது வயது மெக்கானிக். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஹெட்டைக் கழற்றி சிலிண்டருக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே முகம் பார்த்துத் தலை சீவலாம் போல மினுமினுப்பு.

"நல்லா பளபளன்னு இருக்கே அண்ணே?"

"அதான் தம்பி தப்பு! மாப்பிள்ளையைத் தாங்கலாம். தாங்கித் தாங்கி சோம்பேறி ஆக்கிட்டீங்க!"

போர் அடித்த சிலிண்டரின் சுவரில் கடைசியாக ஹோனிங் கல்லை விட்டுக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடுவார்கள். கண்ணுக்கு மெல்லிய வலை மாதிரி தெரியும். ஒவ்வொரு கீறலும் ஒரு குட்டிப் பள்ளம். பக்கத்தில் ஒரு குட்டி மேடு. புது ரிங் மேலும் கீழும் ஓடும்போது அந்த மேடுகள் தேய்ந்து மட்டமாகும். ரிங்கும் சுவருக்குத் தகுந்தபடி தேயும். பள்ளத்தில் ஆயில் தங்கும். மேலே எரிகிற கேஸ் கீழே இறங்காது. கீழே இருக்கிற ஆயில் மேலே ஏறாது. இதற்குத்தான் 'ரிங் செட் ஆகிறது' என்று பெயர்.

சரி, ரிங்கைச் சுவரோடு அழுத்துவது யார்? அதன் சொந்த ஸ்பிரிங் பலம் கொஞ்சம்தான். பெரிய அழுத்தம் வருவது பெட்ரோல் எரிவதிலிருந்து. எரிந்த கேஸ் ரிங்குக்கு மேலே புகுந்து, பின்பக்கமாகப் போய், அதை வெளியே தள்ளுகிறது. ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் அழுத்தம் அதிகம். ஸ்லோவில் விட்டால்? தடவிக் கொடுக்கிற மாதிரிதான்!

நாலு மணி நேரம் ஸ்லோவில் ஓடிய என் இன்ஜினில் ரிங் சுவரைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறது. மேடுகள் சரியாகத் தேயவில்லை. நடுவில் சிக்கிய ஆயில் சூட்டில் காய்ந்து வார்னிஷ் மாதிரி படிந்து பள்ளங்களை மூடிவிட்டது. அதுதான் அந்தக் கண்ணாடி மினுமினுப்பு. அதற்குப் பிறகு எவ்வளவு ஓட்டினாலும் ரிங் செட் ஆவது கஷ்டம்.

ஒரே ஆறுதல், மறுபடி போர் அடிக்க வேண்டியிருக்கவில்லை. மறுபடி ஹோனிங் கல் போட்டு மினுமினுப்பை எடுத்து, புது ரிங் போட்டால் போதும் என்றார். கூடவே இன்னொரு குண்டையும் போட்டார்: "கேம் ஷாஃப்ட்டும் போச்சு தம்பி."

அம்பாஸடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கிறது. அதன் மூக்குகள் டேப்பட்டின் அடியில் நேரடியாக உரசுகின்றன. நடுவில் ரோலர் கீலர் கிடையாது. அந்த இடத்துக்கு ஆயில் போவது பெரும்பாலும் கிராங்க் சுற்றும்போது தெறிக்கிற தெறிப்பில்தான். ஸ்லோவில் தெறிப்பு குறைவு. ஆனால் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும் குறையாது. புது கேம் ஷாஃப்ட்டின் ஆயுளை முதல் இருபது நிமிஷம்தான் தீர்மானிக்கிறது. நான் அதற்கு நாலு மணி நேரம் பட்டினி போட்டிருக்கிறேன்!

ரெண்டாவது கல்யாணம்

1996-ல் மறுபடி இன்ஜின் ரெடி. ரெண்டாவது லோனுக்கு என்ன காரணம் எழுதினேன் என்று கேட்காதீர்கள். இந்தத் தடவை அண்ணன் செய்ததை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்தேன்.

முதலில், எல்லா பிளக்கையும் கழற்றினார். ஹேண்டில் போட்டுக் கையால் இரண்டு சுற்று. எங்கேயும் பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு, காயில் ஒயரையும் கழற்றி வைத்துவிட்டு, விட்டுவிட்டு செல்ஃப் அடித்தார். பத்து செகண்ட் அடி, ஒரு நிமிஷம் ஓய்வு. ஸ்டார்ட் பண்ண அல்ல, ஆயிலை ஏற்ற. மேலே ராக்கர் மூடியைத் திறந்து வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ராக்கர் ஷாஃப்ட்டில் ஆயில் மெதுவாக எட்டிப் பார்த்தது. "வந்துட்டாரு!" என்றார், ஏதோ மந்திரி வந்த மாதிரி. கீழே பேரிங்குகளுக்குப் போகாமல் மேலே ராக்கருக்கு ஆயில் வராது. இன்ஜின் ஓடுவதற்கு முன்னாலேயே உடம்பு முழுக்க ரத்தம் ஓடிவிட்டது.

இரண்டாவது, டைமிங். ஒண்ணாம் நம்பர் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் என் கட்டைவிரலை வைக்கச் சொல்லி, ஹேண்டிலைச் சுற்றினார். விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரெஷன். பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு இரண்டு தடவை மேலே வருகிறது; அதில் ஒன்றுதான் நமக்கு வேண்டிய தடவை. ஆளை மாற்றிப் பிடித்தால் 'டொப்' தும்மல்தான். பிறகு 1-3-4-2 என்று ஒயர்களைச் சொருகினார்.

"ஒரே அடியில ஸ்டார்ட் ஆகணும் தம்பி. சும்மா சும்மா செல்ஃப் அடிச்சா, எரியாத பெட்ரோல் போய் சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலைக் கழுவி விட்டுடும். சோக்கை இழுத்து வச்சாலும் அதே கதி."

மூன்றாவது, அந்த இருபது நிமிஷம். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெரிய ஃபேன். கையெட்டும் தூரத்தில் ஒரு வாளி மணல். சாவியைத் திருப்பினார். இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஸ்லோவுக்கு வரவே விடவில்லை. உடனே ரேஸ் கொடுத்து நிமிஷத்துக்குச் சுமார் 2000 சுற்றில் நிறுத்தினார். அம்பாஸடரில் ஆர்.பி.எம். மீட்டர் ஏது? எல்லாம் அவர் காது! 1500-க்கு இறக்கி, 2500-க்கு ஏற்றி, மாற்றி மாற்றி ஓட்டினார். கண் மட்டும் ஆயில் பிரஷரிலும் சூட்டிலும்.

இந்த இன்ஜினில் பிஸ்டன் ஒரு தடவை போகிற தூரம் 88.9 மில்லிமீட்டர். 2000 சுற்றில் நிமிஷத்துக்கு 4000 தடவை. கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 355 மீட்டர். இருபது நிமிஷத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் ஏழு கிலோமீட்டர் ஓடி முடித்துவிடுகிறது. வண்டி என்னவோ ஷெட்டைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை!

நாலாவது, இன்ஜினை நிறுத்திச் சூடாக இருக்கும்போதே ஆயிலை இறக்கினார். வெயிலில் காட்டினால் வெள்ளிப் பவுடர் கலந்த மாதிரி மினுமினுப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது (இந்தத் தடவை நிஜமாகவே). "இது நல்ல தூள். மேடு தேஞ்சது. செதிலா வந்தாலும், செம்பு நிறமா வந்தாலும்தான் பயப்படணும், பேரிங்னு அர்த்தம்" என்றார். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசைப்படி மறுபடி டைட் வைத்து, டேப்பட் இடைவெளி சரிபார்த்து, புது ஃபில்டர், புது மினரல் ஆயில் ஊற்றினார்.

ஐந்தாவது சமாச்சாரம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"கிளம்புங்க தம்பி, ஓட்டலாம்!"

தாம்பரம் தாண்டியதும் டாப் கியரில் 40-ல் வைத்து, "அமுக்குங்க" என்றார். பயந்துகொண்டே அமுக்கினேன். "இன்னும்!" முக்கால்வாசி அமுக்கினேன். 65 தொட்டதும், "காலை எடுங்க. பிரேக் வேணாம். தானா இறங்கட்டும்." 40-க்கு வந்ததும் மறுபடி அமுக்கு. இப்படிப் பதினைந்து தடவை. அமுக்கும்போது கேஸ் ரிங்கைச் சுவரோடு தள்ளுகிறது. காலை எடுக்கும்போது உள்ளே உண்டாகிற உறிஞ்சல், ஆயிலைச் சுவருக்கு மேலே இழுத்து, தேய்ந்த தூளைக் கழுவிச் சூட்டைத் தணிக்கிறது. செங்கல்பட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் பாதி வேலை முடிந்தது.

அதற்காக எகிறி ஓட்டவும் கூடாது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம். ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போக வேண்டாம். டாப் கியரில் முக்கி முனகி மேடு ஏற வேண்டாம். டிராஃபிக்கில் நின்று நின்று ஸ்லோவில் ஓட விட வேண்டாம். 500 கிலோமீட்டரில் மறுபடி ஆயிலும் ஃபில்டரும். ஆயில் லெவலை தினமும் பார்க்க வேண்டும்.

டென்ஷன் ஆகலாமா, கூடாதா?

* முதல் சில நிமிஷம் பெயின்ட் கருகும் வாசனை, சைலன்ஸரில் வெள்ளைப் புகை: டென்ஷன் வேண்டாம். மாட்டும்போது பூசிய ஆயில் எரிகிறது.
* ஆயில் லைட் அணையவில்லை: உடனே நிறுத்துங்கள். 'இதோ அணைஞ்சிடும்' என்று காத்திருக்கும் நேரத்தில் பேரிங் போய்விடும்.
* சூட்டு முள் மளமளவென ஏறுகிறது: நிறுத்துங்கள். உள்ளே காற்று அடைத்திருக்கலாம். ஆறவிட்டு, தண்ணீர் பார்த்து, மீதி நிமிஷங்களை அப்புறம் ஓட்டலாம்.
* கீழேயிருந்து 'டக் டக்' என்று கனமான சத்தம்: நிறுத்துங்கள். ரேடியோ சத்தத்தைக் கூட்டுவது இதற்கு வைத்தியமல்ல.

இன்றைக்கு?

அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. அதே வருஷம் மாருதி 800-ம் விடைபெற்றது. ஆனாலும் தாத்தா வண்டியைத் தூசி தட்டி இன்ஜின் வேலை செய்கிற பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வார்த்தை. இன்றைய பெட்ரோல் கார் ஆயில்களில், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக, தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சரக்கைக் குறைத்திருக்கிறார்கள். பழைய மாதிரி கேமுக்கு அது அவசியம். அந்தச் சரக்கு போதுமான அளவு இருக்கிற மினரல் ஆயிலாகக் கேட்டு வாங்குங்கள். சிந்தெடிக் எல்லாம் ரிங் செட் ஆன பிறகு. ரோலர் வைத்த இன்ஜினுக்கு அந்த இருபது நிமிஷ கேம் சடங்கு தேவையில்லை. ரிங் கதை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஷோரூம் புது வண்டி என்றால், கூடவே கொடுக்கிற புத்தகம் சொல்வதைக் கேளுங்கள்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய அன்று காலையில் அப்பா வாசலுக்கு வந்தார். குனிந்து, சைலன்ஸர் வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினார். ஈரமில்லை, பிசுக்கில்லை. காய்ந்த சாம்பல் நிறம். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "திருத்தணி போயிட்டு வரலாமா?"

அந்த இன்ஜின் அதற்குப் பிறகு எண்பதாயிரம் கிலோமீட்டர், ஹெட்டைத் திறக்காமல் ஓடியது.

அது சரி, எலுமிச்சம்பழம்? தாராளமாக வையுங்கள். ரெண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் மறுக்கவில்லை. நாலு சக்கரத்துக்கும் வைத்துவிட்டுச் சொன்னார்:

"திருஷ்டிக்கு இது தம்பி. இன்ஜினுக்கு ஆயில்!"