‘இது பழைய விஸ்தாரா ஃப்ளைட்தானே?’ - பழைய பெயரைக் கேட்டால் விமான ஊழியர்களுக்கு ஏன் சுருக்கென்கிறது?

“இது பழைய விஸ்தாரா ஃப்ளைட்தானே?”

ஏர் இந்தியாவில் டிக்கெட் போடும் பலர் இன்னமும் கேட்கும் கேள்வி இது. சீட் நன்றாக இருக்குமா, சாப்பாடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை இது சாதாரணக் கேள்வி. ஆனால், பதில் சொல்ல வேண்டிய ஊழியருக்கு அது பாராட்டாகவும் கேட்கலாம், குத்தலாகவும் கேட்கலாம். அவர் எந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்தது அது.

போர்டை மாற்றி, விமானத்துக்குப் புது பெயின்ட் அடித்துவிட்டால் பழைய பெயர் போய்விடும் என்றுதான் நினைப்போம். விமானத் துறையில் அது அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. என்ன காரணம்?

விஸ்தாரா எங்கே போனது?

டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து தொடங்கிய விஸ்தாரா, 2015 ஜனவரியில் பறக்க ஆரம்பித்தது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவும் அரசிடமிருந்து டாடா கைக்கு வந்தது. ஒரே குழுமத்துக்கு இரண்டு முழுச் சேவை விமான நிறுவனங்கள் எதற்கு என்று இரண்டையும் இணைத்தார்கள். 2024 நவம்பர் 11, விஸ்தாரா என்ற பெயரில் விமானங்கள் பறந்த கடைசி நாள். மறுநாளிலிருந்து எல்லாமே ஏர் இந்தியா.

விமான எண்களில் இருந்த ‘யுகே’ போய் ‘ஏஐ’ வந்தது. ஆனால், எது விஸ்தாராவிலிருந்து வந்த விமானம் என்று பயணிகளுக்குத் தெரிய வேண்டுமே? அதற்காக எண்ணுக்கு முன்னால் ஒரு ‘2’ சேர்த்தார்கள். யுகே 955 என்பது ஏஐ 2955 ஆனது. அதாவது, பெயரை எடுத்த நிறுவனமே அதன் அடையாளத்தை ஒரு எண்ணாக விட்டுவைத்தது.

விஸ்தாராவில் வேலை பார்த்தவருக்கு, பயணி அந்தப் பெயரை ஆசையாகச் சொல்லும்போது பெருமையாக இருக்கும். கூடவே, ‘அந்தப் பெயர்தான் இப்போது இல்லையே’ என்ற வருத்தமும் எட்டிப் பார்க்கும். பக்கத்திலேயே அதே யூனிஃபார்மில் நிற்பவர் பல வருஷமாக ஏர் இந்தியாவில் இருப்பவராக இருந்தால்? “உங்களைவிட அவங்க பெட்டர்” என்றுதான் அவர் காதில் விழும்.

பெயரோடு சேர்ந்து வரும் சம்பளம்

விஷயம் பாசம், வருத்தத்தோடு முடிவதில்லை. பழைய பெயரில்தான் சம்பளமும் பதவி உயர்வும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இணைப்புக்குச் சில மாதங்கள் முன்பு, 2024 ஏப்ரல் தொடக்கத்தில் விஸ்தாராவின் பல விமானங்கள் ரத்தாயின, பல தாமதமாயின. இணைப்பையொட்டி வந்த புதிய சம்பள ஒப்பந்தத்தில் பைலட்டுகளுக்கு அதிருப்தி. அதுவரை மாதம் 70 மணி நேரம் பறந்ததற்கான சம்பளம் உறுதியாகக் கிடைத்தது. புதிய முறையில் அது 40 மணி நேரமாகக் குறைந்தது. பலர் உடல்நிலை சரியில்லை என்று லீவு போட, கடைசியில் தினமும் 25 முதல் 30 விமானங்களைக் குறைக்க வேண்டிய நிலை வந்தது.

சம்பளத்தைவிடப் பெரிய சிக்கல் சீனியாரிட்டி. ஒரு பைலட் எப்போது கேப்டன் ஆவார், எந்த ரக விமானம் ஓட்டுவார், எந்த ஊரில் இருப்பார் என்பதில் சீனியாரிட்டி பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இரண்டு பட்டியல்களும் ஒன்றாக வேண்டும். அங்கே 50-வது இடத்தில் இருந்தவர் இங்கே எத்தனையாவது இடத்துக்குப் போவார்? இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் வரும்வரை, “நீங்க எந்தப் பக்கம்?” என்ற பேச்சும் ஓயாது.

இதே வீட்டில் ஏற்கெனவே நடந்த கதை

ஏர் இந்தியாவுக்கு இது புதிதல்ல. 1953-ல் தொடங்கிய இந்தியன் ஏர்லைன்ஸ் பெரும்பாலும் உள்நாட்டில் பறந்தது. ஏர் இந்தியா வெளிநாடுகளுக்குப் பறந்தது. இரண்டுமே அரசு நிறுவனங்கள். 2005 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் தன் பெயரை ‘இந்தியன்’ என்று சுருக்கிக்கொண்டது. 2007-ல் ஏர் இந்தியாவோடு இணைக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் ‘ஐசி’ என்ற அதன் விமான எண் குறியீடும் மறைந்தது.

பெயர் ஒன்றானாலும் ஊழியர்கள் ஒன்றாகவில்லை. 2011-ல் முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சம சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருஷமே எதிர்ப்பக்கத்திலிருந்து போராட்டம். புதிதாக வரவிருந்த போயிங் 787 ட்ரீம்லைனரை ஓட்ட, முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகளுக்கும் பயிற்சி தரக் கூடாது என்று பழைய ஏர் இந்தியா பைலட்டுகள் களமிறங்கினார்கள். அந்த வேலைநிறுத்தம் 58 நாட்கள் நீடித்தது. ஊழியர்களை ஒருங்கிணைப்பது எப்படி என்று சொல்ல, நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் அரசு ஒரு குழுவே அமைத்திருந்தது.

பைலட் சங்கங்களும் பழைய பெயர்களின்படியே பிரிந்து கிடந்தன. இந்தியன் ஏர்லைன்ஸிலிருந்து வந்தவர்களுக்கு இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன், பழைய ஏர் இந்தியாக்காரர்களுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்டு. இணைப்பு நடந்து 16 வருஷம் ஆன பிறகும், 2023-ல் அந்த இரண்டு சங்கங்களும் தனித்தனியாகவே இருந்தன. டாடா நிர்வாகம் கொண்டுவந்த புதிய சம்பள முறையை எதிர்ப்பதில் மட்டும் இரண்டும் கைகோத்தன.

ஹட்சன் நதியில் ஒரு ‘கேக்டஸ்’

இது இந்தியாவில் மட்டும் நடக்கிற கதையும் இல்லை. 2009 ஜனவரி 15 அன்று, நியூயார்க்கின் ஹட்சன் நதியில் ஒரு பயணிகள் விமானம் இறங்கியது. அதில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். அது யுஎஸ் ஏர்வேஸ் விமானம். ஆனால், கேப்டன் சல்லன்பெர்கர் ரேடியோவில் சொன்ன பெயர் ‘கேக்டஸ்’.

யுஎஸ் ஏர்வேஸும், அரிசோனாவைச் சேர்ந்த அமெரிக்கா வெஸ்ட் நிறுவனமும் 2005-ல் இணைந்தன. விமானத்தில் எழுத யுஎஸ் ஏர்வேஸ் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ரேடியோவில் அழைக்க அமெரிக்கா வெஸ்டின் ‘கேக்டஸ்’ என்ற பெயரை வைத்துக்கொண்டார்கள். அந்தச் சமயம் இரண்டு தரப்பு பைலட்டுகளுக்கும் சீனியாரிட்டி சண்டை உச்சத்தில் இருந்தது. ஒரு தரப்புக்கு ‘ஈஸ்ட்’, இன்னொரு தரப்புக்கு ‘வெஸ்ட்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. சண்டை பத்து வருஷத்துக்கும் மேல் இழுத்தது. எதிர்த்தரப்பின் பழைய பெயரைத்தான் ‘ஈஸ்ட்’ பைலட்டுகள் தினமும் மைக்கில் சொல்ல வேண்டியிருந்தது.

சல்லன்பெர்கருக்கு இது மூன்றாவது பெயர். அவர் 1980-ல் வேலைக்குச் சேர்ந்தது பசிஃபிக் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸில். அந்த நிறுவனம் பிறகு யுஎஸ் ஏர்வேஸின் முந்தைய வடிவமான யுஎஸ் ஏர் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

யுனைடெட், கான்டினென்டல் கதையும் இப்படித்தான். 2010-ல் இரண்டும் இணைந்தன. ஆனால், இரு தரப்பு கேபின் ஊழியர்களும் ஒரே விமானத்தில் கலந்து வேலை பார்க்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பயணிகளுக்கு ஒரே யுனைடெட். ஊழியர்களுக்குள் இரண்டு கம்பெனி.

பழைய பெயர் வேண்டவே வேண்டாம் என்பவர்கள்

எல்லாப் பழைய பெயரும் பெருமை தருவதில்லை. 1996 மே மாதம் அமெரிக்காவின் வேல்யூஜெட் விமானம் ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் அந்த நிறுவனம் ஏர்ட்ரான் என்ற சிறிய நிறுவனத்தோடு இணைந்து, அதன் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்ப்பவரிடம் “முன்னாடி வேல்யூஜெட்தானே?” என்று கேட்டால், அவர் காதில் விழுவது நிறுவனத்தின் பெயர் அல்ல, அந்த விபத்துதான்.

நடுநிலையான பழைய பெயர்களும் உண்டு. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸை இன்றும் ‘ஏர் லங்கா’ என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பெயர் மாறி கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது; ‘யுஎல்’ என்ற குறியீடு மட்டும் மாறவில்லை. அங்கே ஒரே நிறுவனம்தான் பெயர் மாற்றிக்கொண்டது. இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கும் சண்டை இல்லாததால், பழைய பெயரும் யாரையும் குத்துவதில்லை.

அப்படியானால் பயணி என்ன செய்யலாம்? பழைய பெயரைச் சொல்வதில் தப்பில்லை. சர்வீஸ் நன்றாக இருந்தால் ‘விஸ்தாரா மாதிரியே இருக்கு’ என்பதைவிட, ‘நல்லா கவனிச்சிக்கிட்டீங்க’ என்று சொல்லிவிட்டு இறங்கலாம். எதிரில் நிற்பவர் எந்த வருஷம், எந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார் என்று பயணிக்குத் தெரியாது. அவரோ அதை நினைக்காமல் ஒரு டூட்டியையும் முடிப்பதில்லை.