கைத்தொலைபேசி தொலைந்தாலும் இலக்கங்கள் தொலையாதிருக்க

இடம்பெயர்ந்து ஓடியபோது, உறவுகளின் இலக்கங்கள் எழுதியிருந்த கொப்பியையும் விட்டுவிட்டு வந்தவர்கள் எம்மிடையே பலர். வெளிநாட்டிலிருந்த சகோதரனின் தொடர்பை மீண்டும் தேடியெடுக்க மாதக்கணக்கில் அலைந்தவர்களும் உள்ளனர். இன்று அந்தக் கொப்பியின் இடத்தில் இருப்பது கைத்தொலைபேசி. சட்டத்தரணியின் இலக்கம், வழக்குத் தவணை, கிளினிக் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக அலையும் அலுவலகங்களின் இலக்கங்கள் எல்லாம் அதற்குள்தான். அது களவு போனால், உடைந்தால், விசாரணைக்கென வாங்கி வைக்கப்பட்டால் என்ன செய்வது?

முதலில், இலக்கம் எங்கே பதிவாகிறது என்று பாருங்கள். அண்ட்ரொய்ட் தொலைபேசியில் சிம் அட்டை, தொலைபேசி, கூகுள் கணக்கு என மூன்று இடங்களில் அதைச் சேமிக்கலாம். தொலைபேசி போனால் முதலிரண்டும் போய்விடும். அதே இலக்கத்தில் புதிய சிம் பெறலாம்; ஆனால் அது வெறுமையாகவே வரும். எனவே சிம்மில் உள்ளவற்றைத் தொடர்புகள் செயலி மூலம் கூகுள் கணக்குக்கு மாற்றுங்கள். புதிய இலக்கங்களையும் அங்கேயே சேமியுங்கள்.

அதன் பின், கணினியில் அதே கணக்கினுள் நுழைந்தால் அதே பெயர்களும் அதே நாட்காட்டியும் தெரியும். ஓரிடத்தில் செய்யும் திருத்தம் மற்ற இடத்துக்கும் போய்ச் சேரும். இதுவே ஒத்திசைவு. ஐபோன் வைத்திருப்போர் ஐகிளவுட்டைப் பயன்படுத்தலாம். அல்லது அமைப்புகளில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்து, தொடர்புகளையும் நாட்காட்டியையும் இயக்கிவிடலாம். வெளிநாட்டு இலக்கங்களை +1, +44 என நாட்டுக் குறியீட்டுடனும், எமது இலக்கங்களை +94 உடனும் பதிவது நல்லது. அப்போது எந்த நாட்டிலிருந்தும் அவை வேலை செய்யும்.

நாட்காட்டியில் இன்னொரு பயனும் உண்டு. கனடாவின் பல பகுதிகளிலும் பிரித்தானியாவிலும் ஆண்டுக்கு இரு முறை நேரத்தை மாற்றுகிறார்கள், இலங்கையில் அப்படியில்லை. ஒரு சந்திப்பை நாட்காட்டியில் பதிந்து அங்குள்ள உறவினருடன் பகிர்ந்தால், அவருக்கு அவரது ஊர் நேரத்திலேயே காட்டும்.

ஆனால் ஒத்திசைவு வேறு, பாதுகாப்புப் பிரதி வேறு. தொலைபேசியில் தவறுதலாக ஒரு பெயரை அழித்தால், கணினியிலும் அது அழிந்துவிடும். கூகுள் தொடர்புகளில் அழித்ததை மீட்க 30 நாட்களே அவகாசம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட கணக்கையே கூகுள் நீக்கிவிடவும் கூடும். ஆகவே சில மாதங்களுக்கு ஒரு தடவை, கணினியில் தொடர்புகளை ஏற்றுமதி செய்து ஒரு கோப்பாக எடுத்து, யூஎஸ்பியில் வையுங்கள். மிக முக்கியமான பத்து இலக்கங்களைத் தாளிலும் எழுதி வையுங்கள். மின்சாரம் இல்லாத நாளிலும் தாளை வாசிக்கலாம்.

அடுத்தது பாதுகாப்பு. எல்லாம் ஒரு கணக்கில் இருந்தால், அதன் கடவுச்சொல்லை அறிந்தவருக்கு எல்லாமே தெரியும். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். சரிபார்ப்புக் குறியீடு தொலைந்த தொலைபேசிக்கே வந்தால் நீங்களே உள்நுழைய முடியாது. அதற்காகக் கூகுள் தரும் காப்புக் குறியீடுகளை எழுதி வேறிடத்தில் வையுங்கள். இணைய நிலையத்திலோ பிறரது கணினியிலோ திறந்தால் மறவாமல் வெளியேறுங்கள். தொலைபேசி கைவிட்டுப் போனால், கணினியில் உங்கள் கணக்கின் சாதனப் பட்டியலுக்குச் சென்று அதனை நீக்குங்கள். பழைய தொலைபேசியை விற்கும் முன் கணக்கை அகற்றி, உள்ளிருப்பதை முற்றாக அழியுங்கள்.

அந்தப் பட்டியலில் இருப்பவை எமது இலக்கங்கள் மட்டுமல்ல. எம்மை நம்பித் தந்தவர்களின் இலக்கங்களும் அதில் உள்ளன. போராட்டக் களத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாயின் இலக்கமும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம்.