மிளகாய் நாற்றுக்குச் சாரல் ஆகாது

சென்ற சாரலில் நாம் வழங்கிய மிளகாய் விதைகள் நன்றாகவே முளைத்தன. ஆனால் பல வீடுகளில் நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டது. குறை விதையில் இல்லை, ஈரத்தில்தான். இதுவே நாற்றழுகல் நோய்.

குளிர்நாடுகளில் மிளகாய் விதைக்கு மின்சூடு கொடுத்து முளைக்க வைக்கிறார்கள். அதற்கு வேண்டிய 25 முதல் 30 டிகிரி வெப்பம் தென்காசியில் செலவில்லாமல் கிடைக்கிறது. குற்றாலச் சாரல் நாட்களில் நாம் கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

அடியில் துளையிட்ட தட்டில் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். விதைகளை இடைவெளி விட்டு, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். சாரல் படாத, காற்றும் வெளிச்சமும் உள்ள திண்ணையில் வையுங்கள். மேல்மண் வெளுக்கத் தொடங்கிய பிறகே, காலையில் தண்ணீர் தெளியுங்கள். சுமார் 10 நாளில் முளைக்கும். 40 நாளில் தொட்டிக்கு மாற்றலாம்.

கவனமாக இருந்தால் இம்முறை நாற்று வீணாகாது, இன்ஷா அல்லாஹ்.