ஆன்ட்வெர்ப்புக்கு வழி திறந்தவர்கள்

இரண்டாம் உலகப் போரில் கனடாவின் பங்கு என்றதும் இரண்டு கடற்கரைகளைத்தான் பலரும் சொல்வார்கள். ஒன்று, 1942 ஆகஸ்டில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கனடா வீரர்கள் மாண்ட தியெப். மற்றொன்று, 1944 ஜூன் 6 அன்று சுமார் 14,000 பேர் கரையிறங்கிய ஜூனோ. இரண்டுமே நினைவில் நிற்க வேண்டியவைதான். ஆனால் மேற்கு ஐரோப்பாவில் நேச நாடுகளுக்குக் கனடா செய்த ஆகப்பெரிய உதவி, அதே 1944 அக்டோபர், நவம்பரில் பெல்ஜிய, நெதர்லாந்து எல்லையோரச் சேற்றில் நடந்த ஷெல்ட் முகத்துவாரப் போர்தான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று பிரிட்டிஷ் படை ஆன்ட்வெர்ப் நகருக்குள் நுழைந்தது. பெல்ஜிய எதிர்ப்பு இயக்கத்தார் முன்கூட்டியே காவல் காத்ததால், ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று பெரிய சேதமில்லாமல் கைக்கு வந்தது. கைக்கு வந்தும் பயனில்லை. ஆன்ட்வெர்ப் கடலோர ஊரல்ல. கப்பல்கள் ஷெல்ட் ஆற்றில் சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். முகத்துவாரத்தின் இரு கரைகளும் ஜெர்மானியர் வசம் இருந்தன. ஜெர்மன் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்த படைகளுக்கோ பெட்ரோலும் குண்டும் நார்மண்டியிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் வந்தன. வழியில் அந்த லாரிகளே ஏராளமான பெட்ரோலைக் குடித்தன. முகத்துவாரத்தைத் திறக்கும் பொறுப்பு முதலாவது கனடா படைக்கு வந்தது. தளபதி கிரெரார் நோயில் படுத்ததால், கை சைமண்ட்ஸ் தலைமையேற்றார்.

அந்த நிலத்தைப் புரிந்துகொண்டால்தான் அந்தப் போர் புரியும். கடலைத் தடுத்து மீட்ட, கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்த வயல்கள் அவை. ஜெர்மானியர் பல இடங்களில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தனர். நடக்க மிஞ்சியது அணைக்கரைகளின் உச்சி மட்டுமே; அங்கே ஏறியவன் எதிரியின் துப்பாக்கிக்கு நேரே நின்றான். பதுங்குகுழி தோண்டினால் ஓரிரு அடியிலேயே நீர் ஊறியது. அக்டோபர் 6 அன்று லியோபோல்ட் கால்வாயின் எதிர்க்கரைமீது தீப்பிழம்பைப் பீய்ச்சிவிட்டு, அந்த இடைவெளியில் கனடா வீரர்கள் படகுகளில் கடந்தார்கள். 13ஆம் தேதி வூன்ஸ்ட்ரெக்ட் அருகே திறந்த வயல்களினூடே முன்னேறிய 'பிளாக் வாட்ச்' பட்டாலியன் ஒரே நாளில் குலைந்துபோனது. அந்த நாளை அவர்கள் கறுப்பு வெள்ளி என்றார்கள். மாத இறுதியில், முகத்துவார வாயிலில் இருந்த வால்கெரென் தீவுக்குப் போகும் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளச் சாலைக்கரையில், மறைவதற்கு ஒரு புதர்கூட இல்லாமல் ஊர்ந்து போனார்கள். நவம்பர் 8 அன்று போர் முடிந்தபோது நேச நாட்டுத் தரப்பில் கொல்லப்பட்டவர், காயமுற்றவர், காணாமல் போனவர் 12,873 பேர். அவர்களில் 6,367 பேர் கனடா நாட்டினர்.

மீதிப் பாதி யார், இதைக் கனடாவின் போர் என்பது சரியா என்று கேட்கலாம். பிரிட்டிஷாரும் போலந்துக்காரர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். வால்கெரெனில் கடல்வழி இறங்கியவர்களில் பெரும்பகுதி பிரிட்டிஷ் கமாண்டோக்கள். அந்தப் பெருமையில் ஒரு துளியையும் குறைக்க வேண்டாம். ஆயினும் திட்டமும் தலைமையும் கனடாவுடையவை. தென்கரையிலும் தெற்கு பெவெலாண்ட் தீபகற்ப வழியிலும் பெரும்பாரத்தைச் சுமந்தவை கனடாவின் டிவிஷன்கள். அதிலும் கடல்கடந்து போரிட்ட கனடாக் காலாட்படையினர் அப்போது தாமாக முன்வந்தவர்களே. இழப்பை ஈடுகட்டத் தன்னார்வலர் போதாமல் எழுந்த ஆள் பற்றாக்குறை அந்த இலையுதிர்காலத்தில் ஒட்டாவா அரசையே உலுக்கி, பாதுகாப்பு அமைச்சர் ரால்ஸ்டனைப் பதவியிலிருந்து வெளியேற்றியது.

செப்டம்பரிலேயே கரைகளைப் பிடித்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்காதே என்பது இன்னொரு கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. கடற்படைத் தளபதி ராம்சே எச்சரித்தும் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியின் கவனம் நெதர்லாந்தின் ஆர்னெம் பாலத்தின்மீது இருந்தது. அது தலைமையின் பிழை. அந்தப் பிழைக்குக் கடன் அடைத்தவர்களின் பணி அதனால் சிறியதாகிவிடாது. சைமண்ட்ஸின் யோசனைப்படி வால்கெரெனின் கடற்கரை அணை குண்டுவீசி உடைக்கப்பட்டபோது வெஸ்ட்காப்பெலே ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த விலையைக் கொடுத்தவர்கள் போரில் எந்தத் தரப்புச் சிப்பாயும் அல்லர்.

இத்தனை விலைக்கு ஆன்ட்வெர்ப் தகுந்ததா? ஹிட்லரின் செயலே பதில். டிசம்பர் 16 அன்று ஆர்டென்ஸ் காட்டில் அவர் தொடங்கிய கடைசிப் பெருந்தாக்குதலின் இலக்கு ஆன்ட்வெர்ப்தான். அதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே, ஆற்றிலிருந்த கண்ணிவெடிகள் அகற்றப்பட்டு, நவம்பர் 28 அன்று முதல் கப்பல் வரிசை துறைமுகத்துக்குள் வந்திருந்தது. முன்னால் வந்த 'ஃபோர்ட் கட்டராக்வி' கனடாவில் கட்டிய கப்பல். அதை வரவேற்க நடந்த விழாவுக்கு முதலாவது கனடா படையிலிருந்து ஒருவரையும் அழைத்திருக்கவில்லை.