வைஃபையில் இருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வீடியோ நிற்பது ஏன்? ஹெச்டிடிபி 3 என்ன செய்யும்?

வீட்டு வைஃபையில் வீடியோ பார்த்துக்கொண்டே தெருவுக்கு வர்றீங்க. போன் மொபைல் டேட்டாவுக்கு மாறுது. உடனே திரையில் வட்டம் சுத்த ஆரம்பிச்சிடும். இந்தத் தொல்லையைக் குறைக்க வந்திருக்கும் புதிய விதிமுறைதான் ஹெச்டிடிபி 3.

ஹெச்டிடிபி என்றால் என்ன?

உங்கள் போனும் இணையதளத்தின் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறை இது. 1990களின் தொடக்கத்தில் டிம் பெர்னர்ஸ் லீ இதை உருவாக்கினார். 2015-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. 2022 ஜூனில் மூன்றாம் பதிப்பை ஐஇடிஎஃப் என்ற சர்வதேச அமைப்பு தரநிலையாக வெளியிட்டது.

பழைய முறையில் என்ன சிக்கல்?

இரண்டாம் பதிப்பு வரை, டேட்டாவைக் கொண்டு சேர்க்கும் வேலையை டிசிபி பார்த்தது. இது 1970களில் வின்ட் செர்ஃப், பாப் கான் வடிவமைத்தது. அப்போது ஸ்மார்ட்போனே கிடையாது.

டேட்டா சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக வரும். வழியில் ஒன்று தொலைந்தாலும், அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவை காத்திருக்கணும். ரேஷன் கடையில் முன்னாடி நிற்பவர் கார்டைத் தேடினால், மொத்த க்யூவும் நிற்குமே, அதுபோலத்தான்!

இன்னொரு சிக்கல், டிசிபி இணைப்பு உங்கள் ஐபி முகவரியோடு கட்டப்பட்டது. வைஃபையை விட்டு டேட்டாவுக்கு மாறினால் முகவரியும் மாறும். இணைப்பு அறுந்து, முதலில் இருந்து தொடங்கணும்.

புதுசா என்ன மாறியது?

டிசிபி-க்குப் பதிலாக 'குயிக்' வந்திருக்கிறது. கூகுளில் 2012 வாக்கில் ஜிம் ராஸ்கிண்ட் இதை வடிவமைத்தார். 2021 மே மாதம் இதுவும் தரநிலையானது.

* ஒரே க்யூவுக்குப் பதில் பல க்யூ. ஒன்றில் பாக்கெட் தொலைந்தால் மற்றவை நிற்காது.
* ஒவ்வொரு இணைப்புக்கும் டோக்கன் மாதிரி தனி அடையாள எண் உண்டு. ஐபி முகவரி மாறினாலும் அதை வைத்து இணைப்பைத் தொடர முடியும்.
* டேட்டா கேட்பதற்கு முன்பு, பழைய முறையில் குறைந்தது இரண்டு தடவை தகவல் போய்வரணும். இதில் ஒரு தடவை போதும்.
* என்க்ரிப்ஷன் கட்டாயம். இடையில் இருப்பவர்கள் உள்ளே எட்டிப்பார்ப்பது கஷ்டம்.

எல்லோருக்கும் வேகம் கூடுமா?

இல்லை. நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. பஸ், ரயிலில் போகும்போதும், சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களிலும்தான் பலன் அதிகம். சில அலுவலக நெட்வொர்க்குகளில் ஃபயர்வால் இதைத் தடுக்கும். அப்போது பிரவுசர் தானாகவே பழைய முறைக்குத் திரும்பிவிடும்.

நாம என்ன செய்யணும்?

குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் இந்த வசதி இருக்கு. பிரவுசரையும் ஆப்களையும் அப்டேட் செய்தால் போதும். மீதி வேலை இணையதளம் நடத்துபவர்களுடையது, அவர்கள் சர்வரிலும் இதை இயக்கணும். இதற்கென தனி ஆப் எதுவும் தேவையில்லை. 'ஹெச்டிடிபி 3-க்கு மாற இதை கிளிக் பண்ணுங்க' என்று யாராவது லிங்க் அனுப்பினால், தொடவே தொடாதீங்க.