கட்டத் தாளில் நடக்கும் இயந்திர மனிதன்

'ரோபோ' என்றதும் இரும்பு உடலும் விளக்குக் கண்களும் கொண்ட பெரிய உருவமொன்று நம் மனக்கண்முன் வந்து நிற்கும். ஒன்பதாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு உருவாக்கிய ரோபோக்களோ, கணினித் திரையில் உள்ளபடியே காட்டினால் மிளகளவுதான் இருக்கும். அவற்றில் இரும்புமில்லை, மின்கலமுமில்லை. சின்னஞ்சிறு வண்ணச் சதுரங்களை அடுக்கிச் செய்த உருவங்கள் அவை. அச்சதுரங்களுக்குப் 'பிக்சல்' என்று பெயர். அவற்றைக் கொண்டு ஒரு ரோபோவை வரைவது எப்படி, அதனை நடக்க வைப்பது எப்படி என்பதை இங்கே விளக்க விழைகிறோம்.

முதலில் சிறிது வரலாறு. செக் மொழி எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் வெளியிட்ட நாடகம் ஒன்றின் வாயிலாக 'ரோபோ' என்னும் சொல் உலகுக்கு அறிமுகமாயிற்று. கட்டாய உழைப்பு எனப் பொருள்படும் 'ரோபோட்டா' என்ற செக் சொல்லிலிருந்து அதனை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். சதுரங்களின் கதை 1957-ல் தொடங்குகிறது. அமெரிக்க அறிஞர் ரஸல் கெர்ஷ், தம் மூன்று மாதக் குழந்தையின் புகைப்படத்தை 176-க்கு 176 சதுரங்களாகப் பிரித்துக் கணினிக்குள் செலுத்தினார்.

பின்னர் வீடியோ விளையாட்டுகள் வந்தன. ஜப்பானியரான தொமொஹிரோ நிஷிகாடோ 1978-ல் உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், நண்டு போன்ற எதிரி 11 சதுர அகலமும் 8 சதுர உயரமுமே உடையது. இரண்டே படங்கள் மாறி மாறித் தோன்ற, அது உயிருள்ளது போல் அசைந்தது. 1983-ல் வெளியான 'ஃபேமிகாம்' கருவியில் அசையும் உருவங்கள் 8-க்கு 8 சதுரத் துண்டுகளால் அமைந்தன. ஒரு துண்டுக்கு மூன்று வண்ணங்களே உண்டு. 1987-ல் பிறந்த 'மெகா மேன்' என்னும் நீல ரோபோச் சிறுவனும் இத்தகைய துண்டுகளால் ஆனவனே.

ஏன் இத்தனை சிக்கனம்? அக்காலத்தில் கணினியின் நினைவகம் விலை உயர்ந்தது. 16-க்கு 16 கட்டத்தில் 256 சதுரங்கள் உள்ளன. மூன்று வண்ணங்களும் வெறுமையும் சேர்ந்து ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு நிலைகள். அதனைக் குறிக்க 2 பிட்டுகள் போதும். ஆக 512 பிட்டுகள், அதாவது 64 பைட்டுகளில் ஒரு படம் முழுவதும் அடங்கிவிடும்!

எங்கள் செயல்திட்டத்துக்கும் இதே அளவையே விதியாகக் கொண்டோம். அத்துடன் எங்கள் கணினி ஆசிரியையான அருட்சகோதரி ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். எந்தச் சதுரத்தைத் தொட்டு, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டாலும் நாங்கள் காரணம் சொல்ல வேண்டும். இன்று ஒரு வரி எழுதிக் கேட்டால் கணினியே படம் வரைந்து தந்துவிடுகிறது. கடையில் விலைக்கு வாங்கும் செயல்திட்டங்களும், பெற்றோர் கண்விழித்துச் செய்து தரும் செயல்திட்டங்களும் நாம் அறியாதவை அல்ல. அவற்றில் மதிப்பெண் கிடைக்கலாம். காரணம் சொல்லும் அறிவு கிடைக்குமா?

மேலும், எங்களில் பலர் வீட்டில் கணினி இல்லை. ஆகவே எல்லோரும் கிராஃப் தாளிலேயே தொடங்க வேண்டும் என்று முடிவாயிற்று. இது குறைவான வழியன்று. 1984-ல் வெளிவந்த மாக்கின்டோஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர் என்னும் பெண்மணியும் கிராஃப் தாளில் 32-க்கு 32 கட்டங்களை நிரப்பித்தான் அப்பணியைத் தொடங்கினார். நம் தையல் வகுப்பில் கட்டத் துணியில் எண்ணி எண்ணிப் போடும் 'கிராஸ் ஸ்டிச்' பூவும் இதே கலைதானே!

இனி வரையும் முறையைக் காண்போம். முதலில் உருவம் முழுவதையும் ஒரே கருமையாக நிரப்ப வேண்டும். அந்த நிழலைக் கண்டதும் தோழி ஒருத்தி, "இது ரோபோ" என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்து வண்ணம். கோட்டுக்கும் கண்ணுக்கும் அடர்ந்த நிறம், உடலுக்கு நடுத்தர நிறம், ஒளி படும் பக்கத்துக்கு வெளிர் நிறம். ஒளி எப்போதும் ஒரே திசையிலிருந்து வர வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. 16 இரட்டைப்படை எண் ஆதலால் அதற்கு நடுக்கட்டம் கிடையாது. நம்மை நேராகப் பார்க்கும் ரோபோவின் தலையில் ஒரு சதுர அகல ஆன்டெனா வைத்தால் அது ஒரு பக்கம் ஒதுங்கியே நிற்கும். ஆன்டெனாவுக்கு இரண்டு சதுர அகலம் தரலாம். அல்லது உருவத்தையே 15 சதுர அகலத்தில் அமைக்கலாம்.

நடக்க வைக்க, பக்கவாட்டில் நான்கு படங்கள் போதும். முதற்படத்தில் வலக்கால் முன்னே, இடக்கால் பின்னே. இரண்டாவதில் கால்கள் ஒன்றையொன்று கடக்கும். அப்போது உடல் ஒரு சதுரம் உயர வேண்டும். மூன்றாவதில் இடக்கால் முன்னே. நான்காவதில் மீண்டும் கடத்தல். தொலைவிலுள்ள காலுக்கு அடர்ந்த நிறம் கொடுத்தால் எது எந்தக் கால் என்ற குழப்பம் வராது. முந்திய படத்தின்மீது புதிய தாளை வைத்து, ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தில் பார்த்து வரைந்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும்.

வினாடிக்கு 8 படங்கள் வீதம் ஓடவிட்டால் இந்நான்கும் அரை வினாடியில் ஒரு சுற்று முடியும். கட்டத்துக்குள் ஊன்றிய கால் படத்துக்கு 2 சதுரம் பின்வாங்கினால், திரையில் உருவம் முழுவதும் படத்துக்கு 2 சதுரம் முன்னேற வேண்டும். இக்கணக்கு தவறினால் ரோபோ நடப்பதாகத் தோன்றாது. எண்ணெய்த் தரையில் வழுக்குவது போலிருக்கும். சுமை தூக்கும் ரோபோவாயின், தூக்குவதற்கு முன் உடலை ஒரு சதுரம் தாழ்த்திய படம் ஒன்றைச் சேர்த்தால் சுமையின் கனம் பார்ப்பவருக்குப் புலப்படும். இறுதியில் 'பிஸ்கெல்' போன்ற இலவச மென்பொருளில் சதுரங்களைப் பதிந்து, 10 மடங்கு, 20 மடங்கு என முழு எண்ணாலேயே பெரிதாக்க வேண்டும். பத்தரை மடங்கு என்றால் சில சதுரங்கள் பருத்தும் சில மெலிந்தும் உருவம் கெடும்.

ஓவியம் வராது என்று ஒதுங்கி நிற்கும் தோழியர் இதில் தயங்க வேண்டியதில்லை. இங்கு வேண்டுவது கைத்திறனைவிட எண்ணும் பொறுமையும், ஒரு சதுரத்தை வைப்பதா எடுப்பதா என்று தீர்மானிக்கும் துணிவுமே. நாம் ரோபோவுக்குக் கொடுப்பது அசைவு மட்டுமே; உயிரும் மனமும் கொடுப்பவர் இறைவன் ஒருவரே. ரோபோவின் உழைப்பு கட்டளைக்குக் கட்டுப்பட்டது. நம் உழைப்போ காரணம் அறிந்து, விரும்பிச் செய்வது. ஒரு கிராஃப் தாள், ஒரு பென்சில், மூன்று வண்ணங்கள் இவை போதும். நீங்களும் முயன்று பாருங்கள், தோழியரே!